லைனில் திருத்துறைப்பூண்டி செல்வராணி

பக்கத்து நாற்காலியில் ரூபகலா கண்ணை மூடி முகத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு இரண்டு பேர், முடிக்கு ஒருத்தி முகத்துக்கு ஒருத்தி, எனக்கு ஒரே ஒருத்தி, அவளும் என் கன்னத்தில் ஸ்பாஞ்சை ஒற்றிக்கொண்டே கண்ணாடி வழியாக அவளைத்தான் பார்க்கிறாள். பார்க்கட்டும். முப்பது வருஷமாக எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள். இந்த வயதில் ஒரு மனுஷிக்குக் கழுத்து இப்படி இருக்கலாமா, தேடிப் பார்த்துவிட்டேன், தாடைக்கு அடியில், காதுக்குப் பின்னால், ஒரு கோடு இல்லை, எனக்கோ போன பொங்கலுக்கே கழுத்து தனியாக மூப்படைந்துவிட்டது. "மேம், கண்ண மூடிக்கோங்க" என்கிறாள் எனக்கு மேக்கப் போடுகிற பெண். மூடிக்கொண்டால் மட்டும் என்ன, ரூபகலா போட்டிருக்கும் சென்ட் மூக்கில் ஏறுகிறது, விலை கூடுதல்தான், சந்தேகமில்லை. சேனலுக்கு முப்பதாவது ஆண்டாம். ஆரம்ப நாட்களில் போனில் பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சியை நடத்திய எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பழைய கதை பேச வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ரூபகலா, புதன்கிழமை லதிகா. டிவியில் ஒரு வாரமாக விளம்பரம் ஓடுகிறது, உங்கள் அபிமான ரூபகலா மற்றும் பலர் என்று. இருப்பதே இரண்டு பேர். அதில் நான் எப்படிப் பலர் ஆனேன் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். கேட்க மாட்டேன். இன்றைக்கு வேறு ஒன்று சொல்லத்தான் வந்திருக்கிறேன், காரில் வரும்போது முழுக்க அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், சிரித்த முகமாக, போகிற போக்கில், ரூபா உனக்கு ஒரு விஷயம் தெரியுமா, அந்தச் செல்வராணி இருக்கிறாளே, அது நான்தான்.

அவ்வளவுதான். அதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும். கேமரா எதிரில் சொல்ல வேண்டும், இங்கே மேக்கப் ரூமில் சொன்னால் இவள் கட்டிப்பிடித்துச் சிரித்து அதையும் தன் கதையாக்கிவிடுவாள். ஆழ்வார்பேட்டையில் அந்த வாடகை பங்களா, கார் ஷெட்டுதான் ஸ்டூடியோ, பின்னால் நீல வெல்வெட்டு, அதில் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய நட்சத்திரம், லைட் சூட்டில் பசை இளகி நிகழ்ச்சி நடக்கும்போதே ஒவ்வொன்றாக விழும், நாம் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சுடிதார் கடைக்காரன் கொடுத்தது, முதுகுப் பக்கம் முழுக்க ஊக்கு, முடிந்ததும் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வியர்வை பட்டால் கத்துவான். பாட்டு கையில் எத்தனை இருந்தது என்கிறீர்கள். ஒரு கைப்பிடி. படக் கம்பெனிக்காரர்கள் கொடுத்ததுதான் பாட்டு. ஆனால் ஊர் பூராவும் போன் போட்டு அவரவருக்குப் பிடித்ததைக் கேட்கும், இல்லாததைக் கேட்பவரை இருக்கிற பாட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் எங்கள் உத்தியோகம். அந்தப் பாட்டா, அருமையான பாட்டு, ஆனா உங்க குரலைக் கேட்டா ரயில் பாட்டு பிடிக்கும்னு தோணுதே என்றால், ஆமாங்க மேடம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்பார்கள். எனக்கு அது நன்றாக வரும். பிடி கொடுக்காதவர்களைக்கூட நான் ரயில் பாட்டில் ஏற்றியிருக்கிறேன். இவளுக்கு வராது. இல்லாத பாட்டைக் கேட்டால், ஐயோ அது இல்லியே என்று நேர் ஒளிபரப்பிலேயே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அதற்கும் கடிதம் வரும், ரூபகலாவின் வெகுளித்தனம் என்று. என் சாமர்த்தியத்துக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்ததில்லை.

'ழ' வராது அவளுக்கு. பம்பாயில் வளர்ந்தவள். வால்த்துக்கள் என்பாள், தமில் என்பாள். நான் மன்னார்குடி, எங்கள் தமிழ் வாத்தியார் தலையில் குட்டிக் குட்டி வரவழைத்த 'ழ', பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பை வீட்டில் இன்னும் இருக்கிறது, வந்து பார்க்கலாம். சேனலில் சேர்ந்த அன்று தயாரிப்பாளர் ஜெயசீலன் சார் என்னை உட்கார வைத்துச் சொன்னார், "ரொம்ப சுத்தமா பேசுறம்மா, நியூஸ் மாதிரி இருக்கு, கொஞ்சம் தப்பா பேசேன்." தப்பாகப் பேசச் சொன்னார். பேசிப் பார்த்தேன், வரவில்லை, தெரிந்தே தப்புப் பண்ணுவதும் தெரியாமல் பண்ணுவதும் ஒன்றாகுமா. என் முகம் போதாது என்று அவர் சொன்னதில்லை, ஆனால் க்ளோசப் போகும்போதெல்லாம், "லதிகாவுக்கு லாங் ஷாட் போதும், கிட்டப் போக வேணாம்" என்று என் காதில் மாட்டிய குமிழ் வழியாகவே எனக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டே, வணக்கம் நேயர்களே என்று சிரிக்க வேண்டும். ஸ்பாஞ்சு இப்போது மூக்கில். "மேம், நீங்களும் அந்த ப்ரோகிராம் பண்ணீங்களா? அம்மா ரூபா மேமப் பத்தி சொல்லிட்டே இருப்பாங்க." நீங்களும். நல்ல பெண், பாவம், என்ன தெரியும் இதற்கு. "பண்ணேம்மா, புதன்கிழமை" என்றேன். ஓ என்றாள். புதன்கிழமை என்றால் எல்லோரும் ஓ என்றுதான் சொல்வார்கள்.

டம்மி கால் என்று ஒன்று உண்டு. வெளியில் யாருக்கும் தெரியாது. மழை பெய்தால் லைன் செத்துப்போகும், அல்லது வருகிறவன் எல்லாம் குடித்துவிட்டுப் பேசுவான், அந்த மாதிரி நேரத்துக்கு ஆபீசிலேயே ஒருவர் டேப் ரூமில் உட்கார்ந்து உள் லைனில் பேச வேண்டும், காரைக்குடியிலிருந்து கண்ணப்பன் பேசுகிறேன் என்று. உட்கார்ந்து நடத்துகிறவளுக்கு அது டம்மி என்று சொல்லவே கூடாது என்பது ஜெயசீலன் சார் சட்டம், சொன்னால் முகத்தில் காட்டிக்கொடுத்துவிடுவாளாம். என் புதன்கிழமைக்கு டைப்பிஸ்ட் வேதமாணிக்கம் பேசுவார், மூக்கடைத்த குரல், எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு நான். உன் குரல் யாருக்குத் தெரியும், நீயே பேசு என்றார் சார். அப்படித்தான் சொன்னார், உன் குரல் யாருக்குத் தெரியும் என்று. டேப் ரூமில் ஏசி கிடையாது, இறக்கை வளைந்த ஒரு ஃபேன், டொக் டொக் என்று அடித்துக்கொண்டே சுற்றும், சின்ன கறுப்பு வெள்ளை மானிட்டரில் ரூபகலா முகம் நிறைய க்ளோசப்பில் இருப்பாள், அன்றைக்கு அவள் போட்டிருந்த மஞ்சள் சுடிதாரை முதலில் எனக்குத்தான் எடுத்து வைத்திருந்தார்கள், காலையில் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருந்தேன். போனை எடுத்தேன். என் சித்தி பெண் பேசுகிற மாதிரி ஒரு இழுவை தானாக வாயில் வந்தது. அக்கா, நான் திருத்துறைப்பூண்டி செல்வராணி பேசுறேன், மூணு மாசமா போடுறேன்க்கா, இன்னைக்கித்தான் லைன் கெடச்சிருக்கு. பெயர் எங்கிருந்து வந்தது தெரியவில்லை. அக்கா, ஒரே ஒரு தடவ வாழப்பழம்னு சொல்லுங்களேன்.

குத்தத்தான் கேட்டேன். நாடு பூராவும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் கேட்டேன், அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது. வாலப்பலம் என்றாள். மறுபடி சொன்னாள், வாளப்பலம். மூன்றாம் தடவை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, நட்சத்திரம் ஒன்று தோளில் விழுந்தது கூடத் தெரியாமல் சிரித்தாள், அவ்வளவுதான், அந்த ஒரு சிரிப்பில் தமிழ்நாடு அவள் காலடியில். மறுநாள் பஸ்ஸில் காலேஜ் பிள்ளைகள் வாலப்பலம் வாலப்பலம் என்று கத்திக்கொண்டு போகிறார்கள். சார் என்னைக் கூப்பிட்டு, வாராவாரம் செல்வராணி வரணும் என்றார். வந்தாள். ஒவ்வொரு வாரமும் ஒரு குத்து யோசித்துக்கொண்டுதான் போவேன். ரூபகலா உடம்பைக் குறைக்கப் பட்டினி கிடக்கிறாள், மைக்கில் வயிற்றுச் சத்தம் கேட்கிறது என்று சவுண்டுக்காரர்கள் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, அக்கா சாப்டீங்களா, சத்தம் இங்க வரைக்கும் கேக்குதே என்று கேட்டேன். "இல்ல செல்வராணி. என்னை யாரும் இங்க அப்படி கேட்டதே இல்ல" என்றாள், கண் நிறைந்துவிட்டது. அந்த வாரம் ஆபீசுக்கு முறுக்கு வந்தது, அதிரசம் வந்தது, ஒரு தாய் ஈரோட்டிலிருந்து பருப்புப் பொடி அனுப்பினாள். எல்லாம் அவளுக்கு. நான் எறிந்த கல் எதுவும் அவள் மேல் கல்லாக விழுந்ததே இல்லை. அந்தப் பருப்புப் பொடியை எனக்கும் கொஞ்சம் கொடுத்தாள். நன்றாக இருந்தது.

அப்புறம் புதன்கிழமையை நிறுத்தினார்கள். வேறு என்ன, பார்க்க ஆளில்லை. நான் போனதும் செல்வராணியும் போய்விட்டாள், யாருமே இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. எத்தனை பேட்டியில் ரூபகலா சொல்லிவிட்டாள், என் முதல் தோழி செல்வராணி, எங்கே இருக்கிறாளோ, ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று. ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும், யார் மேல் எரிகிறது என்பதுதான் பிடிபடாது. கல்யாண வீட்டில் யாராவது என் முகத்தைப் பார்த்து யோசித்து, நீங்க டிவியில் என்று ஆரம்பித்து, ரூபகலா இருந்த சேனல்தானே, அந்தச் செல்வராணி எப்படி இருக்காங்க என்று கேட்டிருக்கிறார்கள், என்னிடம், எப்படி இருக்கீங்க என்று என்னைக் கேட்காமல். லதிகாவை யாருக்கும் ஞாபகமில்லை. செல்வராணிக்கு ஆடு இருந்தது ஞாபகம், மாமியார் இருந்தது ஞாபகம், சிங்கப்பூரில் வீட்டுக்காரர் இருந்தது ஞாபகம், எல்லாம் நான் டேப் ரூமில் விசிறிக்கொண்டே அடித்துவிட்டது. இல்லாதவள் மேல் பொறாமைப்படுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இன்று காலையில் குளியலறையில் அந்தக் குரலைப் பேசிப் பார்த்தேன், வருமோ வராதோ என்ற பயத்தில். வந்தது. வெளியிலிருந்து என் வீட்டுக்காரர், "உள்ள யாரு?" என்றார். நான்தான் என்றேன். "இல்ல, கூட யாரோ பேசுனாங்களே." முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன்.

"லதி" என்கிறாள் ரூபகலா. கண்ணைத் திறந்துவிட்டாள், கண்ணாடிக்குள் என்னைப் பார்க்கிறாள். "உனக்கு ஞாபகம் இருக்கா, செல்வராணி?" இருக்கு என்றேன். "எல்லாரும் டம்மின்னு அப்பறம் ஜெயசீலன் சார் சொல்லிட்டார் தெரியுமா, கண்ணப்பன், மதுர மீனாட்சி, எல்லாம் டம்மியாம். நான் செல்வராணியுமான்னு கேக்கல. பயம். ஆனா அவ டம்மி இல்ல லதி. எனக்கு தெரியும்." எப்படித் தெரியும் என்று கேட்டது நானா, என் வாயா. "அவ பேசுறப்ப பின்னாடி ஒரு ஃபேன் சத்தம் கேக்கும். டொக் டொக்குன்னு. பாவம், ஃபேன மாத்தக் கூட முடியாத வீடு போலன்னு நெனச்சுப்பேன். ஆபீஸ்ல அப்படி ஒரு ஃபேனா இருக்கும்?" டேப் ரூமுக்குள் இவள் காலெடுத்து வைத்ததே இல்லை, எதற்கு வைக்க வேண்டும், டேப்பை ஆள் கொண்டுபோய்க் கொடுப்பான். இப்போதே சொல்லிவிடலாமா, நாக்கு நுனியில் இருக்கிறது, அது உன் ஆபீஸ் ஃபேன்தான்டி, நான் அதன் அடியில் வெந்துகொண்டிருந்தேன். "சாப்டீங்களான்னு கேப்பா. அதுக்கப்பறம் என்ன யாரும் அப்படி..." என்று நிறுத்திக்கொண்டாள். முகத்துக்காரி ஓடி வந்து டிஷ்யூவால் ஒற்றினாள், மேம் மேக்கப், மேக்கப் என்று. இரண்டு தடவை கல்யாணமாகி இரண்டும் நிலைக்காதவள், எனக்கு அதில் அப்போது ஒரு அற்ப சந்தோஷம் கூட இருந்தது. அழுதால்கூட அழகாகத்தான் இருக்கிறாள். சொல்லவில்லை. கேமரா முன்னால் சொல்வேன். அழட்டும், எல்லோரும் பார்க்க அழட்டும், க்ளோசப் அவளுக்கு, குரல் எனக்கு.

ஸ்டூடியோ ஃப்ளோரில் சோபா போட்டிருந்தார்கள், நடுவில் ரூபகலா, ஓரத்தில் நான், எதிரில் இந்தக் காலத்துத் தொகுப்பாளர், தாடிக்காரத் தம்பி. பின்னால் நீல வெல்வெட்டு, தெர்மாகோல் நட்சத்திரம், அந்தக் கால மாதிரியே வேண்டுமென்று செய்திருக்கிறார்கள், ஆனால் ஒன்றும் விழவில்லை. வாலப்பலம் சொல்லச் சொன்னான், சொன்னாள், எல்லோரும் கை தட்டினார்கள். என்னை ஒரு கேள்வி கேட்டான். லதிகா மேம், ரூபா மேமோட வேலை பார்த்த அனுபவம் எப்படி. நல்ல அனுபவம் என்றேன். இப்போது சொல், இப்போது சொல் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வாயைத் திறக்கிறேன், ஒரு சின்ன பிரேக் என்றுவிட்டான். பாத்ரூம் போவதாகச் சொல்லி எழுந்தேன். கை வியர்த்திருந்தது, கழுவிக்கொண்டு வந்து சொல்லிவிடலாம். வழியில் ஒரு சின்ன அறை, கதவு பாதி திறந்திருந்தது, உள்ளேயிருந்து ஒரு குரல், "யக்கா, நாந்தேன் திருத்துறப்பூண்டி செல்வராணி பேசுதேன், எப்பிடி இருக்கீக?" நின்றுவிட்டேன். உதவி இயக்குநர் பல்லைக் காட்டினான். "சர்ப்ரைஸ் மேம். ரூபா மேமுக்கு தெரியாது. ஒரிஜினல் செல்வராணிய எவ்ளோ தேடியும் கெடைக்கல, அதான் டப்பிங் ஆர்ட்டிஸ்ட்ட வெச்சு... சொல்லிடாதீங்க." கையில் போனோடு ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள், லட்சணமாக, பெயர் தர்ஷினியாம்.

தேன் ஒட்டுகிற நாந்தேன். திருத்துறைப்பூண்டியில் எவள் எப்பிடி இருக்கீக என்பாள், அது மதுரைப் பக்கத்துக்கும் அந்தண்டை, சினிமாக் கிராமத்தில் பேசுவது, எங்கள் பக்கம் இழுவை வேறு, செத்த இருங்கக்கா என்பாள் செல்வராணி, ஆட்டைக் கட்டிவிட்டு வருகிறேன் என்பாள். இவள் பேசினால் ரூபகலா நம்புவாளா. நம்பினாலும் நம்புவாள், அழுதுகொண்டே நம்புவாள், இந்தத் தர்ஷினிக்கு அந்தக் கண்ணீர் போகும், ஊர் பூராவும் நாளைக்கு இவள் குரலைச் செல்வராணி என்று எடுத்துக்கொள்ளும். முகம்தான் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது, பெயர் புதன்கிழமையோடு போயிற்று, மிச்சம் இருந்தது இந்த ஒன்று, அதையும் இரவல் கொடுப்பதா. வயிறு எரிந்த எரிச்சலில் காது அடைத்தது. "குடும்மா" என்றேன், போனைக் கையிலிருந்து பிடுங்கியே விட்டேன். உதவி இயக்குநர், "மேம், பிரேக் முடியப் போகுது, நீங்க சோபால இருக்கணும்" என்றான். "க்ளோசப்ல வெச்சுக்கச் சொல்லு. நான் இல்லாதது யாருக்கும் தெரியாது." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எதிரில் பெரிய கலர் மானிட்டர், அதில் ரூபகலா முகம் நிறைய.

ஒரு போன் கால் வந்திருக்கு மேம், பேசுங்க என்கிறான் தாடிக்காரன். ஹலோ என்கிறாள், அந்தக் காலத்து ஹலோ. என் முதுகு தானாகக் கூன் போட்டுக்கொள்கிறது. "அக்கா, நான் திருத்துறைப்பூண்டி செல்வராணி பேசுறேன். சாப்டீங்களாக்கா?" மானிட்டரில் அவள் கை வாய்க்குப் போகிறது. தர்ஷினி என்னை வாய் பிளந்து பார்க்கிறாள். ரூபகலாவுக்குப் பழக்க தோஷம், "டிவி சவுண்ட கொஞ்சம் கொறைங்க செல்வராணி" என்றாள், அழுதுகொண்டு சிரித்துக்கொண்டு. "எங்க போனீங்க? இவ்ளோ நாளா?" இங்கனதான் இருக்கேன்க்கா என்றேன். "ஃபேன் சத்தம் கேக்கலியே?" ஏசி என் கழுத்தில் ஜில்லென்று அடிக்கிறது. "மாத்தியாச்சுக்கா." நல்லது, நல்லது என்று தலையை ஆட்டுகிறாள், நிஜமாகவே ஒரு நிம்மதி அவள் முகத்தில். "என்ன பாட்டு போடணும்?" ரயில் பாட்டு என்றேன். "யார் யாருக்காக?" மாமியாருக்கு, சிங்கப்பூர் வீட்டுக்காரருக்கு, ஆட்டுக்கு என்று வரிசை இருக்கிறது, எல்லாம் நாக்கில்தான் இருக்கிறது, ஆனால் வாய் வேறு சொல்கிறது. "புதன்கிழம ஒரு அக்கா வருவாங்கள்ல. லதிகான்னு. நல்லா பண்ணுவாங்க. அவங்களுக்காக போடுங்கக்கா."

ரூபகலாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, லதிகாவையும் உங்களுக்கு ஞாபகம் இருக்கா? கேட்டா எவ்ளோ சந்தோஷப்படுவா! இங்கதான், என் பக்கத்துலதான் உக்காந்திருக்கா, இருங்க" என்று திரும்பினாள். கேமராவும் அவளோடு திரும்பியது. சோபா ஓரம், நான் உட்கார்ந்த இடத்தில் மெத்தை இன்னும் கொஞ்சம் அமுங்கி இருந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு க்ளோசப். "இப்ப இருந்தாளே" என்று சுற்றும் முற்றும் பார்க்கிறாள் ரூபகலா, மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "லைன்லயே இருங்க செல்வராணி, வெச்சிராதீங்க, என்ன? லதிகா இப்ப வந்துருவா."

"சரிக்கா" என்றேன். "இருக்கேன்."